சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால்

ஆகஸ்டு 12, செவ்வாய். வழக்கம்போல் போர்டிக்சன் பசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு லுக்குட் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் கணவன் மீன்பிடிக்கப் போய்ப் படகோடு காணாமற்போனவன் என்பது பேச்சில் தெரிந்தது.

“சிவப்பு லைட் மட்டும் தெரிஞ்சா படகு குறுக்கே போகுது அண்ணி. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிஞ்சா நேரா நம்மகிட்ட வருது. அவருதான் சொன்னாரு.”

“அதுக்கென்ன இப்ப?”

“நேத்து ராத்திரி ரெண்டும் தெரிஞ்சிச்சு.”

“கடக்கரைக்கா போன?”

“இல்லண்ணி. வீட்டுக்குப் பின்னால, செம்பனைத் தோட்டத்துக்குள்ள.”

“நாளைக்கு அவனுக்குக் கருமாதி. உளறாத லா.”

“கருமாதிய நிப்பாட்டுங்க. மனுஷன் வந்துகிட்டு இருக்காரு.”

அண்ணி கேட்டாள்: “எவ்வளவு கிட்ட?”

அடுத்த எஸ்டேட்டில் இருவரும் இறங்கினார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த எஸ்டேட் வழியே போனேன். கருமாதி தொடங்கும் முன்பே, அதற்குப் போட்ட கூடாரத்தை அண்ணி நின்று ஆட்களை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.