சூடு பார்த்த கால்

— உலகத்துல மாட்டுக் காலைப் பத்தி முழுசாத் தெரிஞ்சவங்க மொத்தம் மூணே பேர்தான்க்கா. ரெண்டு பேர் எங்க காலேஜ் வாத்தியாருங்க. அவங்களுக்கும் சந்தேகம்னா என்கிட்டதான் வருவாங்க.

— மூணாவது ஆள் முதல்ல தன் காலை எடுக்கட்டும். சாணியில நிக்கிற.

— ஊசி போட்டாச்சு, மருந்து கொடுத்தாச்சு. மூட்டு வீக்கம் வத்தியே ஆகணும். இன்னும் எழுந்திரிக்கலைன்னா அது கறுப்பியோட பிடிவாதம். வைத்தியத்து மேல குத்தமில்ல.

— அப்பா போன அன்னிக்குப் படுத்தது. மத்தியானம் அந்த வியாபாரி வண்டியோட வந்துடுவான், நீதான் வரச் சொன்ன. நிக்காத மாட்டை எங்க கொண்டுபோவான்னு உனக்கே தெரியும்.

— தெரியும். அதுக்காக அடுப்புல நொச்சி இலையை வதக்க வெச்சிருக்கியே, அப்பா மாதிரி கட்டச் சொல்றியா? புளிய இலை, மஞ்சள், கல்லுப்பு, வேப்பெண்ணெய். அது வைத்தியமில்லக்கா, சமையல் குறிப்பு. தாளிக்க மட்டும் மறந்துட்டார்.

— கட்டுறதுக்கு முன்னாடி அந்த இலையைத் தன் கால்ல வெச்சு சூடு பார்ப்பார். சுட்டா அதுக்குச் சொல்லத் தெரியாதேன்னு.

— மாட்டு வீக்கத்துக்காகத் தன் கால்ல கொப்புளம் வாங்கின மகான்.

— தம்பி, ஒண்ணு சொல்லணும். பயந்துகிட்டு சொல்லாம இருந்தேன். மூணு நாளா விடிஞ்சு வந்து பார்த்தா அது கால்ல புதுக்கட்டு இருக்கு. சூடுகூட ஆறலை.

— நீயே கட்டிட்டு மறந்திருப்ப.

— அது இடதுகை முடிச்சு. எனக்கு வராது. இந்த வீட்டுல இடதுகைக்காரங்க ரெண்டே பேர். ஒருத்தர் போய்ட்டார்.

— ஏன் என்னையே பார்க்கற?

— பேன்ட்டைத் தூக்கு.

— எதுக்குக்கா?

— தூக்குடா. இது என்ன, முட்டிக்குக் கீழ கொப்பளிச்சுக் கிடக்கு?

— சூடு பார்த்தேன். ஊசி கேக்கலை, வேற என்ன பண்ணச் சொல்ற? வண்டி வர்றதுக்குள்ள ஒருதரம் நின்னுட்டா போதும்னு இருந்துச்சு. காலேஜ் பக்கம் யார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிடாத.

— அடப்பாவி. அப்பாதான் வந்துட்டுப் போறார்னு வியாழக்கிழமையில இருந்து இந்தக் கொட்டகை வாசல்ல நின்னு அழுதுட்டு இருக்கேன்.

— வெள்ளிக்கிழமையில இருந்து.

— வியாழன். அன்னிக்குக் காலையிலதான் முதல் கட்டைப் பார்த்தேன். வெள்ளி ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு.

— அக்கா, காரியம் முடிஞ்சு காலேஜுக்குப் போனவன் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினதே வியாழக்கிழமை சாயந்தரம்.

— நீ விளையாடாத.

— நான் கட்டினது ரெண்டு தடவைதான்.

— தம்பி... அங்க பாரு. கறுப்பி எழுந்திரிக்குது.

— பார்த்தேன். நம்மளைப் பார்த்து எழுந்திரிக்கலை.

— அந்த மூலையில யாருமில்லையேடா.

— சத்தம் போடாத. வியாபாரிக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லு. அடுப்புல இருக்கற இலையை இப்படிக் கொடுத்துட்டுப் போ.

— இந்தா, பிடி. கால்ல வெச்சுப் பார்த்துட்டுக் கட்டு.

— வெச்சுட்டேன்... அப்பா, சூடு இவ்வளவு போதுமா?