வீட்டைச் சுத்தி இருநூறு சுத்து

தேத்தண்ணியைக் குடியுங்கோ கனகசபைத் தம்பி, ஆறினால் அதில ஒண்டுமில்லை. சாம்பல்தீவில இருந்து இந்த வெயிலுக்குள்ள சைக்கிள் மிதிச்சு வந்திருக்கிறியள். கலியாணப் புறோக்கர் வேலையில இதுதான் கரைச்சல், முதல்ல கால் நோகும், பிறகு வாய் நோகும்.

வல்லிபுரம் மாஸ்டர் உங்களிட்டச் சொல்லிவிட்டது எனக்கு விளங்கினது. பதினேழு வருசத்துக்கு முன்னம், அறுபத்துநாலாம் ஆண்டு, என்ர மகள் பூரணி ஏன் தன்னை வேண்டாமெண்டு சொன்னவள் எண்டு அவருக்குத் தெரிய வேணும். இன்னும் கட்டாமல் இருக்கிறார். இப்பவும் அவள் ஓமெண்டால் ஓமாம். மறுமொழியை அவளின்ர வாயால கேட்டுக்கொண்டு வரச்சொன்னவராம். அவள் குசினிக்குள்ள புட்டு அவிக்கிறாள், வர நேரம் செல்லும். அதுக்கிடையில நான் சொல்லுறன். ஒளிக்க என்னட்ட ஒண்டுமில்லை, கனகசபை. எழுபத்தாறு வயதில எதை ஒளிச்சு எங்க வைக்கிறது.

என்னை ஊரில நேவியர் எண்டுதான் சொல்லுறவை. வெள்ளைக்காரன் கப்பல் டொக்யாட்டில இருந்த காலத்தில நான் அங்க வேலை. துவக்கைத் தொட்டதில்லை, உருளைக்கிழங்குதான் தொட்டனான். இருபத்திரண்டு வருசம் நேவிக் குசினியில தோல் உரிச்சு, பிறகு பெரிய சமையல்காரனாகி வெளியில வந்தனான். எங்கட சனத்துக்கு நேவி எண்டால் எல்லாம் ஒண்டுதான். கப்பல் ஓட்டுறவனும் நேவி, கறி துழாவுறவனும் நேவி. அதால தேகப்பயிற்சி எண்டு ஒரு கதை வந்தவுடன எல்லாரும் என்னைத்தான் பாத்தவை.

அந்தக் கதையைத் துவக்கினது மாஸ்டரின்ர தாய். மாசி மாசம் பொம்பிளை பாக்க வந்தவை. பூரணிக்கு அப்ப இருபத்தாறு, நல்ல பூசினி மாதிரிப் பிள்ளை. தாய் மனிசி கதிரையின்ர ரெண்டு பக்கத்தாலயும் வழிஞ்சுகொண்டு இருந்து சொன்னவ, "பிள்ளை லட்சணம்தான். கொஞ்சம் வத்தினால் கூறை வடிவா நிக்கும். ஆவணி மட்டும் பாப்பம்" எண்டு. மாஸ்டர் தேத்தண்ணிக்குள்ள பிஸ்கற்றைத் தோய்க்க அது பாதியில முறிஞ்சு உள்ள விழுந்திட்டுது. விரலை விட்டுக் கிண்டினவர். கணக்குப் படிப்பிக்கிற மனிசன், ஒரு பிஸ்கற் எத்தினை செக்கன் தாங்கும் எண்டு தெரியேல்லை. பூரணிக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவரும் சிரிச்சவர். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பைப் பாக்க எனக்கு நெஞ்சுக்குள்ள திக்கெண்டது. இது நடக்கப்போகுது எண்டு அப்பவே விளங்கிட்டுது.

இந்த வீடு என்ர இல்லை. என்ர மனிசி வள்ளியம்மாவின்ர சீதனம். அவ அதுக்கு அஞ்சு வருசம் முன்னமே செத்துப் போயிட்டா. எங்கட பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகள் கலியாணம் முடிக்க வீடு மகளுக்கு, மருமகன் வந்து குந்துவார், பழைய ஆக்கள் பின்னால ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்க வேணும். நானும் இந்த வீட்டுக்கு மருமகனாத்தான் வந்தனான். நான் வரேக்க என்ர மாமனார் இந்தக் கதிரையிலதான் இருந்தவர். ரெண்டாம் மாசம் அவர் கொட்டிலில. நான் அவரை ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அவர் இருமினால் கதவைச் சாத்தினனான், அவர் கதைச்சால் நான் எழும்பிப் போனனான், மீன் நடுத்துண்டை நான் எடுத்தனான். அவ்வளவுதான். மனிசன் ரெண்டு மாரியோட முடிஞ்சுது. நல்ல மனிசன், எனக்கு அவரில ஒரு கோபமுமில்லை. ஆனபடியால் மருமகன் எண்டவன் என்ன செய்வான் எண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. மாஸ்டர் அப்பிடியான ஆளில்லை எண்டு சொல்லுவியள். நானும் அப்பிடியான ஆளில்லைத்தான்.

துவக்கத்தில நான் ஒரு களவும் செய்யேல்லை, அதையும் சொல்ல வேணும். விடிய எழும்பிக் கடற்கரையால நட, வந்து வளவு கூட்டு, கிணத்தில அள்ளு, மத்தியானம் ஒரு கோப்பை சோறு, நேரத்துக்குப் படு எண்டு சொன்னனான். சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னனான். மாசம் முடிய அவளைக் கூட்டிக்கொண்டு ஸெய்னுதீன் நானாவின்ர அரிசிக் கடைக்குப் போனனான். ஊரில ஆளை நிறுக்க வேற தராசு எங்க கிடக்கு? மூட்டை நிறுக்கிற தராசில ஏத்தினது. முதல் நாள் நூற்றி எழுபத்திரண்டு இறாத்தல், இப்ப நூற்றி அறுபத்துநாலு. பூரணி தராசில நிண்டுகொண்டே கையைத் தட்டினவள். நானாவின்ர மனிசி உம்மு குல்சும் உள்ள இருந்து சீனி எடுத்துக்கொண்டு வந்து அவளின்ர வாயில போட்டவ. மெலிஞ்சதுக்குச் சீனி. எங்கட ஊர்.

எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்லை. இந்தப் போக்கில போனால் ஆனியிலயே கூறை எடுப்பினம்.

நேவிக் குசினியில நான் கண்ட ஒரு சங்கதி இருக்கு. பிழை விட்டவங்களைத் தண்டனையா மைதானத்தைச் சுத்தி ஓட விடுவாங்கள். அண்டைக்கு எங்களுக்குப் பாண் காணாது. ஓடினவன் ரெண்டு பேரின்ர சாப்பாட்டை விழுங்கிப்போட்டு, பிறகு பின்னேரம் வரைக்கும் ஒரு வேலைக்கும் உதவாமல் நிழலுக்குள்ள கிடப்பான். கால் கை வீங்கிக் கிடக்கும். அவங்களில ஒருத்தன் மெலிஞ்சதை நான் காணேல்லை. உடம்பு முட்டாளில்லைத் தம்பி. அளவா நடந்தால் அது பேசாமல் இருக்கும். போட்டு வருத்தினியளெண்டால் பஞ்சம் வந்திட்டுதெண்டு பயந்து, குடுத்ததுக்கு ரெட்டிப்பாத் திருப்பிக் கேக்கும். இது டொக்டர்மார் சொன்ன கதையில்லை, பாண் வெட்டினவன் சொல்லுறன்.

அதால நான் அவளை அளவுக்கு மிஞ்சி ஓட விட்டனான். சொன்னது அவ்வளவுதான். "பிள்ளை, எட்டு இறாத்தல் குறைஞ்சிட்டுது, இதைவிடக் கூடச் செய்தால் இன்னும் கெதியாக் குறையும்." எந்தத் தகப்பனும் சொல்லக்கூடிய கதை. றோட்டில ஓடினால் சனம் சிரிக்கும் எண்டு, வீட்டைச் சுத்தி ஓடச் சொன்னனான். நாளுக்கு நூறு சுத்து. அது முடியக் கயிறு பாயிறது ஐந்நூறு. வெள்ளிக்கிழமையில கோணேசர் மலைக்கு ஏறி இறங்கி, திரும்ப ஏறி இறங்குறது. அந்த மாசங்களில கோணேசருக்கு என்ர மகளின்ர வேர்வையில நடந்த அபிசேகம் போல ஐயர்மார் பாலில செய்திருக்க மாட்டினம். அவரும் பாத்துக்கொண்டு சும்மாதான் இருந்தவர்.

நாலு மணிக்கே நான் எழுப்பிவிடுவன். ஏழு மணிக்குக் குசினிக்குள்ள பசியோட வந்து நிப்பாள். அந்த ஆறு மாசமும் நான்தான் சமைச்சனான். பிள்ளை களைச்சுப் போறாளே எண்டு. பாலப்பம், சம்பல், பழம், பிறகு மத்தியானத்துக்கு இறால் குழம்பு. "இவ்வளவு ஓடினனீ, இதைத் திண்டால் ஒண்டும் செய்யாது" எண்டு சொல்லுவன். திண்டிட்டுப் போய் விழுந்தாளெண்டால் பின்னேரம் வரை கட்டில்தான். முந்திச் செய்த வளவு வேலையும் இல்லை, கிணத்தடியும் இல்லை. பசிச்ச பிள்ளைக்கு முன்னால சோத்தை வைக்கிறது குற்றமெண்டு எந்தச் சட்டத்தில கிடக்கு?

சித்திரையில நூற்றி எழுபது. வைகாசி முடிய நூற்றி எண்பத்தொண்டு. தராசில நிண்டு அவள் அழுதவள். அண்டைக்கு உம்மு குல்சும் என்னைக் கடைக்குப் பின்னால கூப்பிட்டவ.

"அண்ணன், புள்ளையப் போட்டு இப்பிடி வதைக்காதீங்க. ஓடுறது காணாம இல்ல, கூடிப்போச்சு. முந்தி மாதிரிக் காலையில நடக்கட்டும், நல்லாத் தூங்கட்டும். தன்னால வத்திரும்."

அந்த மனிசி பள்ளிக்கூடமே கண்டதில்லை. ஒரு பார்வையில கண்டுபிடிச்சிட்டா. எனக்கு உண்மையில மரியாதை வந்தது. "சரி தங்கச்சி" எண்டு சொல்லிப்போட்டு வீட்ட வந்து பூரணியிட்ட என்ன சொன்னனான் தெரியுமே? நீ தராசில ஏறினதைக் கடையில நாலு பேர் சொல்லிச் சிரிக்கினம், உம்மு குல்சும்தான் கதையைப் பரப்பினது எண்டு. அதுக்குப் பிறகு அவள் அந்தக் கடைப் படலைப் பக்கம் போகேல்லை. உம்மு குல்சும் ரெண்டு தரம் தேடி வந்தவ. பூரணி அறைக்குள்ள இருந்து வெளியில வரேல்லை. பிறகு அவவும் விட்டிட்டா.

ஆடியில ஒரு நாள், பத்து மணி இருக்கும், மாஸ்டர் தனிய வந்தவர். தாய்க்குச் சொல்லாமல் வந்தவர். இதே கதிரையிலதான் இருந்தவர், ஆனா நுனியில.

"மாமா," எண்டார், அப்பவே மாமாதான். "அம்மாவை நான் சமாளிக்கிறன். பூரணி ஓடிக் களைக்கிறா எண்டு கேள்விப்பட்டன். அதெல்லாம் வேண்டாம். அவ இருக்கிற மாதிரியே எனக்குக் காணும். ஆவணி மட்டும் பாத்துக்கொண்டு இருக்கவும் தேவையில்லை."

நல்ல பொடியன். எனக்குக் கண் கலங்கினது, பொய் சொல்லேல்லை. எழும்பிக் குசினிக்குள்ள போய் அவருக்கு நாலு கட்லட் பொரிச்சுக்கொண்டு வந்தனான். பொரிக்கிற நேரத்துக்குள்ள எனக்கு யோசிக்கவும் கிடைச்சது.

"தம்பி, சொல்ல வெக்கமாக் கிடக்கு" எண்டனான். "அவளுக்கு உங்களில மனமில்லை. மெலிஞ்சால் உங்களைக் கட்ட வேணும் எண்டு வேணுமெண்டே திண்டு பெருக்கிறாள். நான் ஓடவிட்டுப் பாத்தனான், ஏலாது. மாசியில நூற்றி எழுபத்திரண்டு, இப்ப நூற்றி எண்பத்தொண்டு. நீங்கள் கணக்கு மாஸ்டர், நீங்களே சொல்லுங்கோ. கலியாணம் வேணுமெண்டு நினைக்கிற பிள்ளை ஆறு மாசத்தில ஒம்பது இறாத்தல் ஏறுவாளே?"

அவர் ஒருக்காப் பாத்திட்டுப் போகட்டோ எண்டு கேட்டவர். யன்னலால காட்டினனான். அவள் வாயைத் திறந்தபடி அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரை. அவர் யன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். பிறகு கட்லட்டைத் தொடாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர். கட்லட்டை நான்தான் சாப்பிட்டனான், சோத்தை எறியக்கூடாது.

பூரணி எழும்பின பிறகு சொன்னனான்: "மாஸ்டர் வந்தவர். உன்னைப் பாத்தவர். ஒண்டும் சொல்லாமல் போயிட்டார்." மூண்டில ரெண்டு உண்மை. ஊரில எத்தினை பேர் அந்தக் கணக்குக்கு உண்மை கதைக்கினம்?

அடுத்த நாள் நான் எழுப்பேல்லை. அவளாவே எழும்பி ஓடினவள். நான் படுக்கையில கிடந்து எண்ணினனான். நூறு தாண்டினது, நூற்றம்பது தாண்டினது, பிறகு காலை இழுத்து இழுத்து வைக்கிற சத்தம். அவள் சுத்திச் சுத்தி ஓடினது தன்ர சொந்தச் சீதனத்தைத்தான், அது அவளுக்கு உறைக்கேல்லை. இருநூறாவது சுத்தில கிணத்தடியில விழுந்தவள். முழங்கால் அண்டைக்குப் போனது போனதுதான். தேத்தண்ணியோட வரேக்க நொண்டினதைக் கண்டிருப்பியள்.

ஒரு மாசம் நான்தான் எண்ணெய் போட்டு உருவிவிட்டனான். அப்ப ஒரு நாள் அவள் சொன்னவள், "அப்பா, நான் ஓடினது போதாமப் போச்சு என்ன. இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாம்."

"ஓம் பிள்ளை" எண்டனான்.

அதுக்குப் பிறகும் ரெண்டு சம்மந்தம் வந்தது. ஒண்டுக்கும் நான் கஸ்ரப்படேல்லை. கால் நொண்டுது எண்டவுடன வந்தவையே போயிட்டினம். வேடிக்கை என்னெண்டால், ஓட்டத்தை விட்டு ரெண்டு வருசத்தில, சும்மா வீட்டு வேலையோட, அவள் தன்பாட்டில வத்திட்டாள். இப்ப எலும்புதான் மிச்சம். மாஸ்டரின்ர தாய் இருந்திருந்தால் காட்டியிருக்கலாம்.

முழிக்காதையுங்கோ கனகசபை. இதை ஏன் உங்களிட்டச் சொன்னனான் எண்டு யோசிக்கிறியள். நீங்கள் புத்தியுள்ள மனிசன், அதாலதான். இப்ப எழும்பிக் குசினிக்குள்ள போய் அவளிட்ட இதைச் சொல்லலாம். நான் மறிக்க மாட்டன், மறிக்க என்ர உடம்பில பலமுமில்லை. ஆனா யோசியுங்கோ. நாப்பத்துமூண்டு வயது. தன்ர பிழையாலதான் எல்லாம் போனது எண்டு நினைச்சு ஒரு மாதிரி மனத்தை ஆத்தி வைச்சிருக்கிறாள். அந்த மனிசன் இருந்தபடியே தா எண்டு வந்து கேட்டவர் எண்டு இண்டைக்குத் தெரிஞ்சால் அவள் எதைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள்? அவளுக்கு என்னை விட்டால் ஆர் இருக்கினம்? நான் செய்ததை விடப் பெரிய பாவத்தை நீங்கள் ஏன் தலையில தூக்குறியள். மாஸ்டரிட்டச் சொல்லுங்கோ, அவளுக்கு இப்பவும் விருப்பமில்லையாம் எண்டு. ஒரு வரி. ஒருத்தருக்கும் நோகாது.

புட்டு மணக்குது, அவள் வாறாள் போல. கதிரையை இஞ்சால இழுங்கோ. அவளைக் கண்டு பதறாதையுங்கோ, நீங்கள் சாம்பல்தீவுப் பக்கத்து ஆள் எண்டு தெரிஞ்சால் கட்டாயம் மாஸ்டரைப் பற்றி ஒண்டு கேப்பாள். அங்கால இருந்து ஆர் வந்தாலும் கேக்கிறவள்தான். மாஸ்டர் சுகமா இருக்கிறார், நல்ல மனிசி, நாலு பிள்ளையள் எண்டு சொல்லுங்கோ. நான் அவளுக்கு அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன். போன வருசம் நாலாவது பிறந்தது எண்டு சொல்ல, பிள்ளைக்கு என்ன பேர் அப்பா எண்டு கேட்டவள். ஒரு நல்ல பேராப் பாத்துச் சொன்னனான். தாயில்லாப் பிள்ளை தம்பி, அவளின்ர மனம் நோகாமல் நான்தானே பாக்க வேணும்.