விமலுக்கு ஒரு சித்தப்பா

– மதினி, செத்த தள்ளி உக்காருங்க.

– யாருக்கு யாரு மதினி?

– நீங்கதான... விமல் அம்மா ஈஸ்வரி, மம்சாபுரம்? நான் தவசிமுத்து. அவனுக்குச் சித்தப்பா.

– எம் வீட்டுக்காரரு ஒத்தப் பிள்ளை. அவரும் போய்ச் சேந்தாச்சு. இப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசல்ல எனக்குக் கொழுந்தன் மொளச்சிருக்காரு.

– கோவப்படாதீக. ஜாமீனுக்கு ரெண்டு ஆளு வேணும்னு வக்கீலு கேட்டதுக்கு, விமல்தான் எம் பேரச் சொன்னானாம். ரேசன் கார்டு, வீட்டுத் தீர்வை ரசீது... எல்லாம் கொண்டாந்துட்டேன்.

– என்ன ஒறவுன்னு ஜட்ஜு கேட்டா?

– சித்தப்பான்னுதான். பழக்கம் இருக்கு.

– என்ன பழக்கம்?

– ராஜபாளையத்துல அவன் பள்ளிக்கூடத்து வாசல்லதான் என் ஆட்டோ நிக்கும். ஒம்பதாப்புல முடி வெட்டலைன்னு சஸ்பெண்டு பண்ணி, வீட்டுல இருந்து ஆளக் கூட்டிட்டு வான்னுட்டாக. எங்கிட்ட வந்து அழுதான்... போயி நின்னேன்.

– ஒருக்காவா?

– பொறவு செல்போனு. பொறவு பெஞ்சி ஒடஞ்சது. ஒடச்சது இவன் இல்ல, மதினி. ஆனா ஏற்கெனவே சஸ்பெண்டு ஆனவன் இவந்தான...

– அந்த நாளெல்லாம் எங்க இருந்தானாம்? சோத்து டப்பா தெனம் காலியால்ல வந்துச்சு?

– என் ஆட்டோலதான். சாம்பார் நல்லாருக்கும்.

– ஓகோ.

– அங்கனதான் அந்தப் பயலுகளும் பைக்குல வருவானுக. பள்ளிக்கூடம் வெளிய போன்னுச்சு. அவனுக, வாலே, ஏறுன்னானுக.

– களவாண்ட பைக்குல.

– இவன் பின்னாடிதான் உக்காந்திருந்தான்.

– போலீசுக்கு முன்ன என்ன, பின்ன என்ன.

– இன்னொண்ணு மதினி... சொல்லவே கூசுது. கடைசியா டி.சி. குடுத்தாகல்ல, அதுலயும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்குத் தெரியாதுன்னு...

– தெரியும்.

– அவன் சொன்னானா?

– அன்னைக்கு எனக்கும் போன் வந்துச்சு. மில்லுல பர்மிசன் கேட்டுட்டு ஓடியாந்தேன். சன்னல் வழியாப் பாத்தா, நீங்க கையெழுத்துப் போட்டுக்கிட்டு நிக்கீக. உள்ள வர வெக்கமா இருந்துச்சு. சரி, எம் பிள்ளைக்கு ஒரு ஆளு வந்துருச்சேன்னு ஷிப்டுக்குத் திரும்பிட்டேன்.

– தெரிஞ்சுமா, பொறவும் பள்ளிக்கூடம் போற மாதிரி கெளம்புனவனுக்கு டப்பா கட்டிக் குடுத்தீக?

– அதுக்குப் பொறவுதான் ரெண்டாளுக்குச் சோறு வச்சேன்... எந்திரிங்க கொழுந்தனாரே, கூப்புடுறாக. இந்தத் தடவ நானும் உள்ள வாரேன்.