ஆள் படம்

– இது முள்ளம்பன்றிதானே, தம்பி?

– அதேதான் அண்ணி. பாருங்க, நல்லாத் தின்னு கொழுத்திருக்கு. கம்ப்யூட்டரை மூடி வெச்சுட்டு ரெண்டு வாய் சாப்பிடுங்க. தட்டு வெச்சு ஒரு மணி நேரமாச்சு.

– பசிக்கல.

– நேத்தும் இதையேதான் சொன்னீங்க.

– நேத்தும் பசிக்கல. இந்தக் கார்டுல மொத்தம் எத்தனை படம்?

– நாலாயிரத்துச் சொச்சம். ஒரு மாசமா மரத்துல கட்டியிருந்த கேமரா. எதிர்ல இலை ஆடினாக்கூட ஒண்ணு எடுத்து வெச்சிருக்கும். இதையெல்லாம் எதுக்கு உக்காந்து பாக்கறீங்க?

– சும்மாதான். வேற என்ன பண்ணச் சொல்றே? மூணு தடவை வீட்டைப் பெருக்கிட்டேன்.

– சரி, பாருங்க. நாலு மணிக்கு ஃபாரஸ்ட் அதிகாரி கூப்பிடுவார். இன்னையோட ஆளுங்களைத் திருப்பிக் கூப்பிட்டுக்கறேன்னுட்டார். மூணு நாளைக்கு மேல அண்ணனைத் தேட முடியாதுன்னு சொன்ன மனுஷன். கடையில பேரம் பேசற மாதிரி பேசிப் பேசி பத்து நாளைக்கு இழுத்தேன். இதுக்கு மேல படியாது அண்ணி.

– சரி.

– கோவமா?

– இல்ல. எனக்கு ஒண்ணுமே தோணல. நீ சொல்றே, கேட்டுக்கறேன். இந்த முள்ளம்பன்றி மத்தியானம் ரெண்டு மணிக்கு வெளிய என்ன பண்ணுது?

– அது என்ன ஆபீஸுக்கா போகுது, நேரம் பாத்துக் கிளம்ப?

– பகல்ல அது பொந்தை விட்டு வராதுன்னு உங்கண்ணன் சொல்வார். படமும் கறுப்பு வெள்ளையா இருக்கு. வெளிச்சம் இருந்தா கலர்லதானே எடுக்கும்?

– எங்க, தள்ளுங்க பாப்போம்.

– கீழே மணி போட்டிருக்கு பாரு. பகல் ரெண்டு பத்து.

– அடுத்ததைப் போடுங்க.

– மான். ராத்திரி ஒரு மணி.

– நல்ல வெயில் அடிக்குதே. நிழல் விழுது.

– ஆமா. இதுவும் ராத்திரிதான்னு போட்டிருக்கு. இதுவும். நீ முன்னாடியே பாக்கலையா?

– நான் மிருகப் படம் ஒண்ணையுமே திறக்கல அண்ணி. மிருகங்களைக் கணக்கெடுக்கற எங்க தொழில்ல கார்டு வந்ததும் ஆள் இருக்கற படத்தைத் தனியா ஒதுக்கிடுவோம். விறகு பொறுக்கறவங்க, வழி தப்பினவங்க, வேடிக்கை பாக்க வந்தவங்க. வழக்கமா அதைத் தூக்கிப் போட்டுட்டு மிருகத்தை வெச்சுப்போம். இந்தத் தடவை ஆள்தானே வேணும்? அண்ணன் இருந்த அந்த ஒரே படத்தை எடுத்து அதிகாரி கையில கொடுத்தேன்.

– அதுல எத்தனை மணி?

– வெள்ளிக்கிழமை காலைல ஆறு அஞ்சு. மங்கலான வெளிச்சம். முதுகு காட்டி நடந்து போறார். வியாழக்கிழமை கிளம்பினவர் ராத்திரி காட்டோரமா நிறுத்தின வண்டியிலயே தூங்கிட்டு விடிஞ்சதும் உள்ள போயிருக்கார்னு நெனச்சோம். பகல் பூரா நடந்தா எவ்வளவு தூரம் போகலாம்? அந்தக் கணக்குலதான் மலைக்கு அந்தப் பக்கம் போய்த் தேடினாங்க.

– மணி பன்னெண்டு மணி நேரம் முன்னாடி ஓடியிருந்தா?

– அப்படின்னா அது வியாழக்கிழமை சாயங்காலம்.

– அரை மணியில இருட்டிடும்.

– ஆமா.

– இருட்டுல அவர் ஓரடி எடுத்து வைக்க மாட்டார். எங்கயாவது உக்காந்துடுவார்.

– ஆமா அண்ணி.

– அப்ப அந்தக் கேமராவைத் தாண்டி அதிக தூரம் போயிருக்க மாட்டார்.

– கூப்பிட்டா கேக்கற தூரம்தான் இருக்கும். ஓடைச் சரிவு இருக்கு அங்க. வழுக்கியிருந்தா... முதல் நாள் கார்டை எடுத்தப்போ அந்த மரத்தடியிலதான் எல்லாரும் உக்காந்து டீ குடிச்சோம்.

– எவ்வளவு நேரம்?

– வேணாம் அண்ணி.

– சும்மா கேக்கறேன்.

– அரை மணி இருக்கும். சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தோம். எப்படியும் கிடைச்சுடுவார்னு நெனச்சோம்.

– போனைப் போடு. அவங்க திரும்பறதுக்குள்ள சொல்லு. ஓடைப் பக்கம் இறங்கிப் பாக்கட்டும்.

– போடறேன். ஒரு நிமிஷம் இருங்க. மணியைத் தப்பா வெச்சது யாருன்னு அந்த அதிகாரி கேப்பார். எழுதி வைக்காம இடத்தை விட்டு நகர மாட்டார். அண்ணன் பேரையே சொல்லிடறேன். அவசரத்துல காலையையும் ராத்திரியையும் மாத்தி வெச்சுட்டார்னு. அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்.

– அவர் பேரைச் சொல்லாதே.

– ஏன் அண்ணி?

– அந்தச் சின்ன எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது, தம்பி. ஏழு வருஷமா இந்த மேசையில உக்காந்து எல்லாக் கேமராவுக்கும் மணி வெச்சுக் கொடுக்கறது நான்தான்.