செவ்வாயில் எப்போது பெருநாள்?

சரி... பின்வரிசையில கொட்டாவி விடுற அண்ணன், வாயை மூடிடாதீங்க. திறந்திருக்கும்போதே ஒரு குட்டிக் கதையை உள்ளே போட்டுடறேன்.

ஒரு கடற்கரை ஊர். அங்கே முஃபீதான்னு ஒரு பொண்ணு, பிளஸ் ஒன். அறிவியல் கதைன்னா உயிர். ஊர் நூலகத்துல மாசா மாசம் கதை வாசிக்கிற கூட்டம் நடக்கும். தலைவர் யாரு? பள்ளிவாசல்ல மார்க்கம் சொல்லித் தர்ற ஆலிம்சா!

முஃபீதா தன்னோட முதல் கதையை வாசிச்சா. கதாநாயகன்... சிகாகோவுல இருக்கிற கேப்டன் ஜேம்ஸ். இவ சிகாகோவைப் பார்த்திருக்காளா? ஜேம்ஸைப் பார்த்திருக்காளா? பனியையாவது பார்த்திருக்காளா? எழுதியிருக்கா பாருங்க: "பனிக்காற்று அடித்தது. ஜேம்ஸின் சட்டை பிசுபிசுத்தது. உதட்டை நக்கினான்... உப்புக் கரித்தது!"

அவ ஊர்க் கடல்காத்து சிகாகோ வரைக்கும் போயிடுச்சு! கூட்டம் சிரிச்ச சிரிப்புல எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்துட்டாரு. வீட்டுக்கு வந்தவ அப்பாகிட்ட சொன்னா, "வாப்பா, இன்னும் ஒரே ஒரு கதை. அதுவும் ஊத்திக்கிச்சுன்னா இனிமே எழுதவே மாட்டேன்."

இந்தத் தடவை ஜேம்ஸுக்கு டாட்டா. சொந்த ஊர்க்காரங்களையே ராக்கெட்ல ஏத்தி, செவ்வாய்ல இறக்கிட்டா. கிழமை இல்லீங்க... கிரகம்!

படிச்சுப் பார்த்த வாப்பாவுக்கு வேர்த்துடுச்சு. "ஏம்மா, மார்க்கத்தை வச்சா விளையாடுறே? இதை ஆலிம்சா முன்னாடியா வாசிக்கப் போறே?"

வாசிச்சா. கதை என்னன்னா... செவ்வாய்ல நோன்பு முடியப் போகுது. பெருநாளுக்குப் பிறை பார்க்கணும். அங்கே நிலா ஒண்ணா? ரெண்டு! அதுல ஒண்ணு மேற்கே உதிச்சு, கிழக்கே மறைஞ்சு, போதாததுக்கு அதே நாள்ல இன்னொரு தடவையும் எட்டிப் பார்க்குது. "பெரிய நிலாதான் கணக்கு"ன்னு ஒரு கூட்டம். "ஏன், சின்னதுக்கு என்ன குறைச்சல்?"னு இன்னொரு கூட்டம். சரி, ஊரையே கேட்டுடலாம்னு பூமிக்குச் செய்தி அனுப்புறாங்க. "நாளைக்குப் பெருநாளா?" கால் மணி நேரம் கழிச்சுப் பதில் வருது...

"இங்கேயே ஆளுக்கொரு நாள். எந்தப் பள்ளிவாசலைக் கேக்குறீங்க?"

சிரிப்பு வரணுமே? வரலை. எல்லார் கண்ணும் ஆலிம்சா முகத்துல. அவர் எழுந்து நின்னுட்டாரு.

"நிறுத்தும்மா."

தொலைஞ்சா முஃபீதா!

"பெருநாள் கிடக்கட்டும். தொழும்போது மக்காவை நோக்கி நிக்கணுமே... அங்கே எந்தப் பக்கம் திரும்புவாங்க?"

"பூமி தெரியிற பக்கம், ஆலிம்சா."

"பூமி உச்சந்தலைக்கு மேலே வந்துட்டா?"

மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்க்குது. மேலே மின்விசிறிதான் சுத்துது.

"தெரியலை, ஆலிம்சா..."

"எனக்கும் தெரியலை! இன்னிக்கு என் தூக்கம் போச்சு. எழுதும்மா. அடுத்த மாசமும் நீதான் வாசிக்கிறே."

பின்னாலேருந்து ஒரு குரல். "ஆலிம்சா, பூமி கீழே இறங்குற வரைக்கும் காத்திருந்தா என்ன?" யாரு? பயந்து வேர்த்த அதே வாப்பா!

"அதெப்படி? அதுக்குள்ளே தொழுகை நேரம் தப்பிடுமே!"

அவ்வளவுதான்... நூலகம் பூட்டுற நேரம் தாண்டியும் ஒருத்தரும் செவ்வாயை விட்டுக் கிளம்பலை.

இப்போ நீங்க சொல்லுங்க. ராக்கெட் கிளம்பும்போது பக்தியெல்லாம் கீழேயே இறங்கிடணும்னு யார் சொன்னது? தினம் தொழுறவன் செவ்வாய்க்குப் போனாலும் திசை தேடுவான். அவன் தேடுறான் பாருங்க... அங்கேதான் கதை! ஜேம்ஸைப் பத்தி எழுத சிகாகோவுல ஆள் இருக்காங்க. காத்தே இல்லாத நிலாவுல உங்க தெருக் கோயில் சூடம் எப்படி எரியும்? உங்க சர்ச் மணி யார் காதுல விழும்? இதைக் கேக்க உங்களை விட்டா யாரு இருக்கா? எழுதுங்க. பெரியவங்க திட்டுவாங்கன்னு பயமா? முதல்ல வாசிச்சுக் காட்டுங்க...

அவங்களுக்கும் ராக்கெட்ல ஏறணும்னு ஆசை இருக்குங்க. இதுவரைக்கும் யாரும் கூப்பிடலை, அவ்வளவுதான்!