பொய்த்த கணக்கைப் பொதுவில் சொன்ன நாகசே மிட்சுயோ அவர்களுக்கு

உடைவின் இயலை உயிரெனக் கொண்டவரே, அணுவில் தொடங்கும் அசைவை ஆளுயர எஃகுத் தகட்டின் அழிவுவரை அயராது தொடர்ந்தவரே, ஹொக்கைடோக் கரையின் திடப்பொருள் ஆய்வுக்கூடத்தில் கணிப்புப் பிரிவை நடத்தி இந்த மார்ச் மாதத்தோடு விடைபெறும் எங்கள் மதிப்பிற்குரிய நாகசே மிட்சுயோ அவர்களே, வணக்கம்.

விடைபெறுகிறவரின் வெற்றிகளை வரிசையாகச் சொல்வதே இத்தகைய மடலின் வழக்கம். உங்களிடமே கேட்டோம். "வெற்றின்னு எதைப் போடப் போறீங்க? நடந்ததைப் போடுங்க. இல்லேன்னா பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பிடுங்க, போதும்" என்றீர்கள். ஆகவே நடந்ததை எழுதினோம்.

விரிசலை மூன்று அளவுகளில் பார்க்க எங்களைப் பழக்கியவர் நீங்கள். விரிசலின் நுனியில் அணுக்கள் ஒன்றின் பிடியை ஒன்று விடுகின்றன. அணுக்கள் கூடிய நுண்மணிகள் வழுக்கி நெளிகின்றன. கண்ணால் காணும் தகடு வளைந்து பிளக்கிறது. சிறியதன் விடையைப் பெரியதன் தொடக்கமாக்கி, மூன்றையும் ஒரே கணினிக் கணக்கில் கோத்த திறம் உங்களுடையது. அந்தத் திறத்தை நம்பித்தான் துறைமுக நிறுவனம் தன் பழைய கிரேனோடு உங்களிடம் வந்தது. அதன் நீண்ட கையில், வெல்டிங் செய்த இணைப்பில், விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் இருந்தது.

இணைப்பை அளக்க நீங்கள் மேலே ஏறிய நாளில் எங்களில் இருவர் உடன் இருந்தோம். கிரேனை ஓட்டும் இவாதாதே கென்ஸோ, சூடான டப்பா காபியை உங்கள் கையில் திணித்துவிட்டுக் கேட்டார்: "நாகசே சான், இது இன்னும் அஞ்சு வருஷம் தாங்குமா? அதுக்குள்ள நானே ரிட்டயர் ஆயிடுவேன்."

"கிரேன் தாங்கும். உங்க முழங்கால்தான் தாங்காது போலிருக்கு" என்றீர்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஐந்து குளிர்காலம் தாங்கும் என்றது உங்கள் அறிக்கை. குளிர் தொடங்குமுன் ஆண்டுதோறும் விரிசலை அளக்க வேண்டும் என்றும் அது சொன்னது. நிறுவனம் ஒருமுறைகூட அளக்கவில்லை. இரண்டாம் குளிர்காலத்தில், கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தபோது, கிரேனின் கை முறிந்து ஓட்டுநர் அறையோடு கடலில் விழுந்தது. இவாதாதே உயிரோடு மீளவில்லை.

விசாரணைக்கு முன் நம் இயக்குநர் ஷிமோஜோ உங்களை அழைத்தார். "குளிர் கடுமையானா கணக்கு மாறலாம்னு அறிக்கையில ஒரு வரி இருக்கே. அதை மட்டும் சொல்லுங்க. நம்ம மேல எதுவும் வராது" என்றார்.

"அந்த வரியை எல்லா அறிக்கையிலயும்தான் போடறோம். நான் அஞ்சுன்னுதான் நம்பினேன்" என்றீர்கள்.

விசாரணை மன்றத்திலும் அதையே சொன்னீர்கள். எங்கள் கணக்கு தவறியது, எங்கே தவறியது என்று எனக்கு இன்னும் தெரியாது என்றீர்கள். நேர்மைக்கு ஒரு மதிப்பு உண்டு என்று அந்த ஒரு கணம் நாங்கள் நம்பினோம். நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து, நாட்டின் சிறந்த நிபுணரே ஐந்து என்று நம்பியபோது தன் கட்சிக்காரர் எப்படி ஐயப்பட்டிருக்க முடியும் என்று கேட்டார். அளக்காமல் விட்ட குற்றம் உங்கள் உண்மைக்கு அடியில் புதைந்துபோனது. நிறுவனம் தப்பியது.

வெளியே, தாழ்வாரத்தில், இவாதாதேயின் மனைவி தோமியே உங்கள் எதிரில் வந்து நின்றார். நீங்கள் இடுப்பு மடியக் குனிந்தீர்கள். அவர் பதிலுக்குக் குனியவில்லை. "நீங்க உண்மையைச் சொன்னீங்க. உங்க மனசு சுத்தமாயிடுச்சு. கம்பெனிக்காரங்களும் வீட்டுக்குப் போயிட்டாங்க. என் வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்றது?" என்றார். நீங்கள் நிமிரவே இல்லை. அவர் போன பிறகும் குனிந்தபடியே நின்றீர்கள்.

அதன்பின் நீங்கள் வேறெந்த ஆய்வையும் தொடவில்லை. முறிந்த இணைப்பை வாங்கி வந்து, சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தீர்கள். அணுக்களின் கணக்கு சரியாக இருந்தது. தகட்டின் கணக்கும் சரியாக இருந்தது. இடையில், நுண்மணியும் நுண்மணியும் சந்திக்கும் எல்லைகளில், ஹைட்ரஜன் புகுந்து பிடிப்பைத் தளர்த்தியிருந்தது. அதையும் கணக்கில் சேர்த்தோம். கிரேன் முறிந்த அதே குளிர்காலம் விடையாக வந்தது. நாங்கள் கைதட்டினோம். நீங்கள் தட்டவில்லை, வேறு உடைவுகளை எடுத்து அதே கணக்கைப் போடச் சொன்னீர்கள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"இது விளக்கம் இல்ல, ஒட்டுப் போட்டது" என்று சொல்லி, வெளியிடக் காத்திருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றீர்கள். கட்டுரை இல்லாத பிரிவுக்கு நிதி வரவில்லை. உங்களோடு இப்பிரிவும் மூடப்படுகிறது. நம் கணினிகளை மின்கலப் பிரிவுக்காரர்கள் அளந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அணுவின் கணக்குக்கும் தகட்டின் கணக்குக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளி இன்னும் இடைவெளியாகவே இருக்கிறது. அதை மூடும் வல்லமை எங்களுக்கு இல்லை என்பதை, உங்களைப் புகழ வந்த இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறோம்.

கடந்த இலையுதிர்காலத்தில் இன்னொரு நிறுவனம் தன் கிரேனில் கண்ட விரிசலோடு வந்தது. எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாது. நிறுத்திடுங்க" என்றீர்கள்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆய்வுக்கூடமா?" என்று கேட்டுவிட்டு வேறிடம் போனார்கள். அங்கே எட்டு வருடம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கிரேன் இந்த மண்டபத்தின் ஜன்னலிலிருந்து தெரிகிறது. இப்போதும் அதன் அறையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

பெருமதிப்பிற்குரியவரே, நோயின்றி, நொடிவின்றி, நெடுங்காலம் நீங்கள் வாழவேண்டும். எட்டுக் குளிர்காலமும் கடந்து, அந்த மனிதர் பத்திரமாக ஏணியிறங்கி வீட்டுக்குப் போவதை உங்கள் கண்ணால் பார்க்கவேண்டும். உங்கள் அச்சம் பொய்த்தது என்று அன்றைக்கு நாங்கள் வந்து சொல்லவேண்டும். உங்களுக்கு வாழ்த்தாகச் சொல்ல எங்களிடம் வேறொன்றும் இல்லை.

இவ்வாறு தலைவணங்கும்,
கணிப்புப் பிரிவின் கடைசி ஊழியர்கள்