மீனுக்கு ஆகாத கை

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் முழங்கையைத் தாண்டும் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் இடுக்கி.

"பங்களா மீனுக்கு என் கை ஆகாதாம்" என்றார் அவர், மனைவியிடம்.

"அதுக்கு இத்தன நீளமாங்க?"

"தொட்டி ஆழம். உள்ள கடல் தண்ணி, பவளம். போன மாசம் தோட்டத்துக் கம்பியில பாசி சுரண்டினேன். துரு எறங்கி ரெண்டு பவளம் வெளுத்துப்போச்சு. இனி இரும்பும் படக்கூடாது, கையும் படக்கூடாதுன்னுட்டாரு மொதலாளி. ஸ்பிரிங்குகூட இரும்புல இல்லாததா தேடி, கோயமுத்தூர்ல நாலு கடை ஏறி எறங்கினேன்."

"இரும்பு சரிங்க. கை என்ன பண்ணுச்சு?"

"காலைல தேயிலைக்கு மருந்தடிக்கிறனில்ல. அது கையில ஒட்டியிருக்குமாம். துளி எறங்குனாலும் மீன் செத்துருமாம்."

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுக் கைய உடறது?"

"சோப்புக்கெல்லாம் போகாதாம்."

பஸ் ஒரு வளைவில் திரும்பி, எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு நின்றது.

"மருந்தடிக்க கிளவுஸ் கேட்டப்ப, சோப்புப் போட்டா போயிரும்னு இதே மொதலாளிதானுங்களே சொன்னாரு?"

"இவரேதான்."

அவள் இடுக்கியைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள். அதன் நுனியில் இருந்த ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தாள். லாரி கடந்து போயிற்று.

"நேத்து பாப்பாவுக்கு அந்தக் கையிலதானுங்க சோறு ஊட்டுனீங்க."